காலி ஊரில் கொயினாப் பொட்டலம்

இது நடந்தது, கண்ணுகளா. யாரோ சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பொட்டலத்தை இந்தக் கையால் வாங்கினேன். பயம் வந்தால் பக்கத்தில் இருப்பவர் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

1943. உத்தமபாளையத்துக்கு மேற்கே எங்கள் ஊர். வீட்டுக்கு வீடு எலி செத்து விழுந்தது. பிளேக். எலி விழுந்தால் சனம் மொத்தமும் ஊரைக் காலி செய்து தோட்டங்களில் குடிசை போட்டுத் தங்க வேண்டும். திரும்பி வரச் சொல்லும்வரை யாரும் ஊருக்குள் கால் வைக்கக் கூடாது. இது போஸ்ட் மாஸ்டர் ஞானசிகாமணி ஐயா போட்ட சட்டம். ஊர்க் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். தெருவுக்குச் சாக்கடை வெட்டியது, குடிதண்ணீர்க் கிணற்றுக்கு மூடி போட்டது எல்லாம் அவர்தான். எதைச் சொன்னாலும் கேட்டவரைத் திருப்பிச் சொல்ல வைப்பார். கார்டு வாங்கப் போனால்கூட விலாசத்தை ஒப்பித்துவிட்டுத்தான் வர வேண்டும். எல்லோரும் தோட்டத்துக்கு வந்த பிறகும் அவர் மட்டும் தபாலாபீசிலேயே தங்கிவிட்டார்.

குடிசையில் என் கைப்பிள்ளை கர்ணனுக்குக் குளிர்காய்ச்சல். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. யுத்த காலம், குளிர்காய்ச்சலுக்குக் கொடுக்கும் கொயினா மருந்து கடையில் கிடையாது. தபாலாபீசில் மட்டும் பொட்டலமாக விற்பார்கள். பிள்ளையை அம்மாவாசி மதினியிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். பொழுது சாய்கிற நேரம்.

ஊர் எல்லையில் பலவேசம் அண்ணன் கம்போடு காவல் நின்றார்.

“எங்கன போற?”

“போஸ்ட் மாஸ்டர் ஐயாட்ட கொயினா வாங்கணும்ணே. பிள்ளைக்குக் கண்ணு செருகுது.”

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. “அவுக இல்ல. திரும்பிப் போ ஆத்தா.”

“ஆபீசுலதான இருப்பாக?”

“உள்ள போனீன்னா அப்புறம் பிள்ளையத் தொட விடமாட்டோம். பாத்துக்க.”

திரும்புவதுபோலத் திரும்பினேன். வாய்க்கால் வழியாக நுழைந்துவிட்டேன்.

தெருவில் ஒரு காக்கைகூட இல்லை. கதவெல்லாம் பூட்டு. ஒரு நாய் மட்டும் கூடவே வந்தது. தபாலாபீசுச் சந்து வந்ததும் நின்றது. வாலைக் கவட்டுக்குள் இடுக்கிக்கொண்டது...

சந்துப் பக்கத்துச் சன்னல் திறந்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை.

“ஐயா...”

கிணிங்... கிணிங்...

சாவிக்கொத்து. அவர் இடுப்பில் எப்போதும் தொங்குவது. எனக்கு உயிர் வந்தது.

“யாரு, சுப்புத்தாயா? கிட்ட வராத. அங்கனயே நில்லு.”

அவர் குரல்தான். ஆனால் தொண்டையில் மண் அடைத்ததுபோல...

பீரோ திறக்கும் சத்தம். கம்பிக்குள்ளிருந்து கை நீண்டது. மணிக்கட்டுவரை வெள்ளை. ஆபீசுக்குச் சுண்ணாம்பு அடிக்கிறார் போல என்று நினைத்தேன். நோய்க் காலத்தில் அடிப்பதுதானே.

“கால் பொட்டலம். தேன்ல குழைச்சு. திருப்பிச் சொல்லு.”

“கால் பொட்டலம்... தேன்ல...”

“ம். ஓடு.”

விரல் பட்டது.

சில்லென்று...

ஓடினேன்.

எல்லையில் பலவேசம் அண்ணன் கம்பை ஓங்கினார். ஐயா கொடுத்தார் என்று பொட்டலத்தைக் காட்டினேன். கம்பு கீழே விழுந்தது.

“ஆத்தா... அவுக செத்து மூணு நாளாச்சு. நாந்தான் குழி வெட்டுனேன். ‘வெளிய சொல்லாத, சனம் மிரண்டு ஊரு ஊரா ஓடும், நோயும் கூடப் போகும்’னு அவுகளே சொல்லிட்டுப் போனாக. தொடப் பயந்து இடுப்புச் சாவியக்கூட அவுக்கல. அப்படியே எறக்கி... மேல சுண்ணாம்பக் கரைச்சு ஊத்துனேன்.”

என்னைத் தடுக்க அவருக்குக் கை வரவில்லை. வாய்க்காலில் முங்கிவிட்டுப் பிள்ளையிடம் போனேன். கால் பொட்டலம், தேனில். விடிவதற்குள் கர்ணனுக்கு வேர்த்தது. பிழைத்துக்கொண்டான்.

மறு மாதம் ஊர் திரும்பினோம். சாவி இல்லாததால் புது மாஸ்டர் பீரோவை உடைத்தார். நானும் சன்னலோரம் நின்று பார்த்தேன்.

உள்ளே கொயினாக் கட்டின் கயிறு அவிழ்ந்து கிடந்தது. கட்டின் மேல் நாலு விரல் தடம். வெள்ளையாக.

மாஸ்டர் தொட்டுப் பார்த்தார்.

சுண்ணாம்பு... இன்னும் ஈரமாக இருந்தது.