கல்யாணக் கேசட்டில் ஒரு பொழியூர் வீடு

ஒரு காலத்தில் எனக்கு மூன்று வீடியோ கடைகள் இருந்தன. கேரள எல்லையோரம் பாறசாலையில் ஒன்று, குன்னத்துகாலில் ஒன்று, பெருங்கடவிளையில் ஒன்று. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே நிறத்தில் பலகை. 'நம்ம கம்பெனி' என்று நான் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். தமிழ்ப் படமும் மலையாளப் படமும் ஒரே பையில் பஸ் ஏறிக் கடைக்குக் கடை மாறும். அப்பாவுக்குத் தமிழ், பிள்ளைகளுக்கு மலையாளம் என்று ஒரே வீட்டுக்கு இரண்டு கேசட் போகும். ஊருக்கு இரண்டு மொழி இருந்ததில் என்னைப்போல் சந்தோஷப்பட்டவன் எவனும் இல்லை.

பிறகு கேபிள் வந்தது, சி.டி. வந்தது, ஆளுக்கொரு போன் வந்தது. இரண்டு கடைகளை மூடினேன். பாறசாலைக் கடையில் இப்போது ஜெராக்ஸும் ரீசார்ஜும். மூலையில் ஒரு பழைய வி.சி.ஆர். மட்டும் உயிரோடு இருக்கிறது. யாராவது பழைய கேசட் கொண்டுவந்தால் பென் டிரைவில் ஏற்றிக் கொடுப்பேன்.

போன மாதம் பொழியூரிலிருந்து ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்த அம்மாள் கேசட்டைத் துண்டில் சுற்றி வைத்திருந்தார்.

"எங்க கல்யாணக் கெட்டுக்க கேசட்டாக்கும் அண்ணே. எங்க வீட்டைக் கடல் கொண்டுபோச்சு. போட்டோவெல்லாம் அதோட போச்சு. இது நாத்தனார் வீட்டுல கெடந்ததால தப்பிச்சு. மகளுக்கு அந்த வீட்டைக் காட்டணும். வீடு போகும்போ அவ கைப்பிள்ளை."

பூஞ்சையைத் துடைத்துப் போட்டேன். திரையில் மணமக்கள் வரவில்லை. நான்தான் வந்தேன். தலை நிறைய முடியோடு, 'படம் பார்த்ததும் கேசட்டை முழுக்கச் சுற்றிக் கொடுங்கள்' என்று கும்பிட்டேன். வாடகைப் படங்களுக்கு முன்னால் நான் சேர்த்துவைத்த விளம்பரம் அது. அடுத்து ஒரு சண்டைப் படம் ஓடத் தொடங்கியது.

எனக்கு ரத்தம் கொதித்தது. என் கடைப் படத்தை எடுத்துப் போய், சொந்தக் கல்யாணத்தின்மேல் பதிந்திருக்கிறார் மனுஷன். ஆளாளுக்கு இப்படிப் பிரதி எடுத்தால் கம்பெனி எப்படி உருப்பட்டிருக்கும்?

"அன்னைக்கு வேற கேசட்டு கிட்டல்ல," என்றார் கணவர், கூரையைப் பார்த்து.

மனைவி அவரைப் பார்த்த பார்வையில் என் கோபம் ஆறி, அவர்மேல் இரக்கமே வந்துவிட்டது. அப்போதுதான் ஒன்று தோன்றியது. கல்யாணக் கேசட் படத்தைவிட நீளம். படம் முடிந்தபின் பழையது கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். வேகமாக ஓட்டினேன். வில்லன் செத்தான். திரையெல்லாம் புள்ளி. சட்டென்று ஒரு முற்றம், பந்தல், இலைபோட்ட பந்தி, பின்னால் ஓட்டு வீடு.

எனக்கு நிஜமாகவே கண் கலங்கிவிட்டது. "சர்ச்சுல நடந்த கெட்டு மொத்தமும் அழிஞ்சுபோச்சே," என்றேன்.

"சர்ச்சு அங்கதானே நிக்குது அண்ணே," என்றார் அந்த அம்மாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். கணவரை நோக்கி முழங்கையை ஆட்டினார். "இவரும் உண்டு. வீடுதான் இல்ல."

திரையில் மணப்பெண் வந்து வாசலை மறைத்து நின்றாள். நகை மின்னியது. அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

"இவ ஒண்ணு மாறி நிக்கப்படாதா?" என்றார் எரிச்சலோடு. "இவளுக்க பொறத்தேதான் எங்க அடுக்களை."