சுலைமான் சொன்ன "வாறேன்"

தொண்ணூறுகளில், சின்னச் சின்ன ஒலிகளைக் கணினியில் அடுக்கி இசையாக்கும் டிராக்கர் மென்பொருளே கதியென்று திருநெல்வேலி டவுணில் கிடந்தேன். துபாய் கிளம்பும்போது பக்கத்து வீட்டு நண்பன் சுலைமான் என் மைக்கில் "வாறேன்" என்று சொல்லிச் சிரித்தான். அதைத் தாளத்தோடு கோத்தேன். போன இடத்தில் விபத்தில் இறந்தவனை அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

சில மாதங்கள் கழித்து, ஒரு மத்தியானம் தவறுதலாக அந்தப் பாட்டைத் திறந்துவிட்டேன். "வாறேன்... வாறேன்..."

வாசலில் அவன் மனைவி ஈரக்கையோடு நின்றாள். "அண்ணாச்சி, அவுக வந்துட்டாகளா?"

"கம்ப்யூட்டர் சத்தம்மா" என்று அணைக்கப் போனேன்.

"தெரியும். அணைச்சிராதிய" என்றவள் ஸ்பீக்கர் அருகே குனிந்து, "பைய வாங்க, அவசரமில்ல" என்றாள்.

"வாறேன்" என்றது குரல், அவளுக்குப் பதில் சொல்வதுபோல.

அதுவரை எந்த ஒலியும் நான் அடுக்கியபடிதான் ஆடும் என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து, எந்தப் பாட்டிலும் மனிதக் குரலை நான் கோப்பதில்லை.