கொக்கியை உதறிய கிருமி

ஆய்வகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் கிருமியம்மா. முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள். அவளுக்கும் தெரியும். கோபமில்லை, வேறு யார் அவளை அம்மா என்று கூப்பிடப்போகிறார்கள்?

அவள் வளர்த்தது தொண்டையில் குடியேறும் ஒரு பாக்டீரியா. அதன் மேற்பரப்பில் கொக்கி மாதிரி ஒரு புரதம் உண்டு. அதைக் கொண்டுதான் அது தொண்டையைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கொக்கியை உடம்புக்கு முன்கூட்டியே காட்டிக்கொடுக்கும் தடுப்பூசி வந்துவிட்டால், கிருமி பிடிமானமில்லாமல் எச்சிலோடு போய்விடும். சொல்ல இரண்டு வரி. செய்வதற்குள் அவளுக்குத் தலை நரைத்துவிட்டது.

கிருமி உறைபெட்டியில் சின்னக் குப்பிகளில் இருக்கும். ஒன்றை எடுத்து ஊட்டத் தட்டில் வளர்த்து, நாலைந்து முறை தட்டு மாற்றியதும் அழித்துவிட்டுப் புதுக் குப்பி திறக்க வேண்டும். எல்லோருக்கும் இதைச் சொல்லிக்கொடுத்தவளே அவள்தான். ஆனால் தன் தட்டை மட்டும் அவள் அழிக்கவில்லை, மாற்றி மாற்றி வளர்த்துக்கொண்டே இருந்தாள். காரணம் தம்பி.

"அக்கா, இந்த ஞாயித்துக்கிழமையாவது வாயேன். பாப்பா உன்னையே கேக்கறா."

"எங்கடா வர்றது? தட்டு மாத்தணும். ஒரு நாள் விட்டா செத்துப்போயிடும்."

பச்சைப் பொய். ஆனாலும் பொய்யை மெய்யாக்க ஞாயிறுதோறும் போய்த் தட்டு மாற்றிவிட்டு வருவாள். தம்பி வீட்டுக்குப் போக அவளுக்குப் பயமில்லை. மடியில் ஏறிய குழந்தையை இறக்கிவிட்டுத் தன் ஒற்றை அறைக்கு வந்து பூட்டைத் திறக்கிறாளே, அந்த நேரத்துக்குத்தான் பயம். போகாவிட்டால் திரும்பவும் வேண்டியதில்லையே.

தம்பி எத்தனை நாள்தான் கேட்பான்? கேட்பது குறைந்தது. பிறகு போனே வரவில்லை. அவளும் தட்டு மாற்றுவதை விடவில்லை.

ஒருநாள் சோதனையில் எல்லாம் தலைகீழானது. கண்ணாடித் துண்டில் கிருமியோடு, கொக்கியைப் பற்றிக்கொள்ளும் சோதனை மருந்து ஒரு சொட்டு சேர்த்தால், கொக்கிகள் மாட்டிக்கொண்டு திரிந்த பால் போலக் கட்டி கட்டியாகும். அன்று ஆகவில்லை. மருந்தைத் திட்டிவிட்டு வேறு புட்டியைத் திறந்தாள். அதிலும் ஆகவில்லை.

துறைத் தலைவர் சோதித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "மருந்துல கோளாறு இல்லம்மா. கிருமிகிட்ட கொக்கியே இல்ல. எவ்வளவு காலமா இதையே மாத்திட்டிருக்கீங்க?"

அவள் தட்டை மூடி ஓரமாக நகர்த்தினாள்.

"தட்டுல வேளாவேளைக்குச் சாப்பாடு. பிடிச்சுக்க யாருமில்ல. அப்புறம் கொக்கி எதுக்கு? கொக்கி செய்யாத கிருமியெல்லாம் வேகமா பெருகி மத்ததை ஓரங்கட்டிடுச்சு. புதுக் குப்பி போடுங்க, ஒண்ணும் குடிமுழுகிப் போகல."

சொல்லிவிட்டு அவர் தேநீர் குடிக்கப் போய்விட்டார். அவள் பழைய தட்டுகளைக் கிருமி கொல்லும் நீராவிக் கலனில் போட்டு அழித்தாள். புதுக் குப்பியிலிருந்து வளர்ந்த கிருமி மறுநாளே கட்டி கட்டியாகத் திரண்டது. கிருமிக்கு உறைபெட்டியில் இன்னொரு குப்பி இருந்தது. அவளுக்கு அப்படி எதுவும் இல்லை.

அன்று சாயங்காலம் அறைக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் தம்பி வீட்டுக்குப் போன் செய்தாள். குழந்தை எடுத்தது. குரல் வளர்ந்திருந்தது.

"அப்பா குளிக்கறாங்க. நீங்க யாரு?"

"அத்தை பேசறேம்மா."

"எந்த அத்தை?"

அந்தக் குழந்தைக்கு இருப்பதே ஒரு அத்தைதான். "தட்டு மாத்தற அத்தை" என்றாள்.

"ஓ, வராத அத்தையா?"

"ஆமாம்மா, அவங்கதான். ஞாயித்துக்கிழமை வரட்டுமான்னு அப்பாகிட்ட கேட்டுச் சொல்றியா?"

"கேக்கறேன்" என்று போனை வைத்துவிட்டது.

குளித்து முடிக்க ஒரு மனிதனுக்கு எவ்வளவு நேரம் ஆகிவிடும்? போனை மடியில் வைத்துக்கொண்டு, விளக்குப் போடக்கூட எழுந்திருக்காமல் அவள் காத்திருந்தாள்.