ஏர் ஹோஸ்டஸ் வேலைக்குப் போன நானும் பரளச்சி ராமலட்சுமியும்

எழுபத்தி மூணாம் வருஷம் ஆனி மாசம், ஒரு வியாழக்கிழமை மத்தியானம். மெட்ராஸ்ல ஒரு பங்களாவுல, என்னைய ஒரு அறைக்குள்ள விட்டு வெளிய தாழ்ப்பாள் போட்டாங்க. அப்ப எனக்கு இருபத்தியொரு வயசு. ஏர் ஹோஸ்டஸ் வேலைக்கு இண்டர்வியூன்னு சொல்லித்தான் கூப்பிட்டிருந்தாங்க.

வெள்ளிக்கிழமை தவறாம நம்ம சௌடம்மா சன்னதிக்கு வர்ற உங்க யாருக்கும் இத நான் சொன்னதில்ல. என் வீட்டுக்காரருக்குத் தெரியும், அவ்வளவுதான். என்னோட அந்த வீட்ல மாட்டுனவ ராமலட்சுமி. அவ போன மாசம்தான், "இனி எழுது சரோஜா, நம்ம புள்ளைக படிக்கட்டும்"னு சொன்னா. அதனால எழுதுறேன்.

எங்க வீடு அருப்புக்கோட்டை. அப்பாவுக்குத் தறி. வீட்டுக்குள்ள கன்னடம், வாசப்படி தாண்டுனா தமிழ், உங்கள்ல பாதிப் பேர் வீட்டப் போலத்தான். நான் மதுரையில பி.யூ.சி. முடிச்சு, டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணி, திருச்சுழியில ஒரு ஆபீஸ்ல தற்காலிக டைப்பிஸ்ட்டா இருந்தேன். தினமும் பஸ்ஸுல போயிட்டு வருவேன். ராமலட்சுமி பரளச்சிக்காரி, சம்சாரி வீட்டுப் பொண்ணு, வெவசாயந்தான் பொழப்பு. அதே ஆபீஸ்ல பக்கத்து மேசை. ரெண்டு வருஷமா மழை இல்ல. அவுக காட்டுல வெதச்சது மொளைக்கவே இல்ல. எங்க வேலையும் பங்குனியோட முடிஞ்சிரும்னு சொல்லிட்டாங்க.

அப்பத்தான் பேப்பர்ல அந்த விளம்பரம் வந்துச்சு. வெளிநாட்டு விமானக் கம்பெனிக்குப் பணிப்பெண்கள் தேவை, இங்கிலீஷ் தெரிஞ்சா போதும்னு. ரெண்டு பேரும் சேந்துதான் டைப் பண்ணி அனுப்புனோம். கஷ்டத்துக்காக மட்டும் போட்டேன்னு சொன்னா பொய். எனக்கு ஆசை இருந்துச்சு. மதுரைக்குப் போற பிளேன் எப்பவாவது எங்க தலைக்கு மேல போகும். அதுக்குள்ள நடந்து போறவ எப்படி இருப்பான்னு நான் நெனச்சுப் பாத்திருக்கேன்.

முதல்ல ராமலட்சுமிக்குத்தான் கடிதம் வந்துச்சு. சித்திரையில போனா. பதினஞ்சு நாள்ல எனக்கு ஒரு லெட்டர் போட்டா. எழுத்து அவ எழுத்துதான். ஆனா வார்த்தை அவ வார்த்தையா இல்ல. தான் தேர்வாயிட்டதாவும், பம்பாயில டிரெய்னிங்குக்குப் போயிட்டதாவும், எனக்கும் சீக்கிரம் அழைப்பு வரும்னும் எழுதியிருந்தா. கடைசி வரி, "பெரியவர்கள் யாரும் உடன் வர வேண்டாம், கம்பெனியில் விரும்புவதில்லை." அவ அம்மாவப் பத்தி ஒரு வார்த்தை இல்ல. அம்மாவக் கேக்காம அவ ஒரு சீட்டுக் கூட எழுதினதில்ல. எனக்கு என்னமோ மாதிரி இருந்துச்சு. ஆனா ஆசை கண்ண மறைச்சிருச்சு.

வைகாசியில எனக்கும் கடிதம் வந்துச்சு. அது தெரிஞ்சு ராமலட்சுமியோட அம்மா பரளச்சியில இருந்து எங்க வீட்டுக்கே வந்துட்டாக. வெயில்ல நடந்து வந்து கால் கொப்பளிச்சுப் போயிருந்துச்சு. தண்ணி கூடக் குடிக்கல.

"அவளுக்கு லெட்டர் போட்டா பதில் இல்ல தாயி. நீ போற எடத்துல எம்புள்ளயப் பத்தி விசாரிச்சுட்டு வா"ன்னாக.

அப்பா தனியா அனுப்ப ஒத்துக்கல. நெஞ்சுச் சளியோட அவரும் கூட வந்தாரு. கிளம்பறதுக்கு முன்னால அம்மன் கோயிலுக்குப் போனோம். அன்னைக்கு நான் வேண்டுனது என்னன்னு வெக்கத்தோட சொல்றேன். எனக்கு வேலை கெடைக்கணும்னு மட்டும்தான் வேண்டுனேன். ராமலட்சுமி பேரச் சொல்ல மறந்துட்டேன்.

கீழ்ப்பாக்கம் பக்கம் அந்தப் பங்களா. சுத்துச்சுவர் ரெண்டு ஆள் உயரம். கேட்டுலயே காவக்காரன் அப்பாவ நிறுத்திட்டான். உள்ள இருந்து தனபால்னு ஒருத்தன் வந்தான். வெள்ளைச் சட்டை, நல்ல மரியாதையான பேச்சு. இண்டர்வியூ ரெண்டு நாள் நடக்கும், பொண்ணுங்க தங்கறதுக்கு உள்ளயே ஹாஸ்டல் இருக்கு, நாளன்னைக்குச் சாயங்காலம் வாங்க பெரியவரேன்னான். அப்பா என்னையப் பாத்தாரு. நான்தான், "போயிட்டு வாங்கப்பா, நான் இருந்துக்கிறேன்"னேன். சிந்தாதிரிப்பேட்டையில எங்க சொந்தக்காரங்க இருந்தாங்க. அவரு அங்க போனாரு.

உள்ள படியேறும்போதே பாத்தேன். வாசல் ஓரத்துல ஆறு ஜோடி பொம்பளைங்க செருப்பு. வீட்டுக்குள்ள ஒரு பொம்பள சத்தமும் இல்ல.

கூடத்துல தனபாலும், லிப்ஸ்டிக் போட்ட ஒரு அம்மாவும் உக்காந்திருந்தாங்க. என் சர்டிபிகேட்டு எல்லாத்தையும் வாங்கி அந்தம்மா பீரோவுல வச்சுப் பூட்டுச்சு. என்னையச் சுவரோட நிறுத்தி உயரம் அளந்தாங்க. தட்டுல நாலு கிளாஸ் தண்ணி வச்சு, சிந்தாம நடக்கச் சொன்னாங்க. நடந்தேன். ஒரு சொட்டு சிந்தல. எனக்குப் பெருமையாக் கூட இருந்துச்சு. இங்கிலீஷ்ல ரெண்டு கேள்வி கேட்டாங்க. அப்புறம் கேள்வி மாறிப்போச்சு. அண்ணன் தம்பி எத்தனை பேருன்னு கேட்டான். யாரும் இல்லன்னேன். போலீஸ்ல, கோர்ட்டுல சொந்தக்காரங்க உண்டான்னு கேட்டான். இல்லன்னேன். அவன் பேனாவ மூடி வச்சுட்டு, ரொம்ப அமைதியா, "ஒரு ஆறு மாசம் உன்கிட்ட இருந்து லெட்டர் வரலைன்னா உங்க வீட்ல என்ன செய்வாங்க?"ன்னான்.

இந்தக் கேள்வியை எந்தக் கம்பெனியிலயும் கேக்க மாட்டாங்க. வாசல் பக்கம் கண்ணு போச்சு. அந்த ஆறு ஜோடியில ஒண்ணு டயர் செருப்பு, குதிகால்ல சிவப்பு வார் வச்சுத் தச்சது. திருச்சுழி பஸ் ஸ்டாண்டுல வாரு அந்து போய், ராமலட்சுமி கூட நான் நின்னு தச்சு வாங்குன செருப்பு அது. பம்பாய்க்குப் போனவ செருப்பு இங்க எதுக்குக் கெடக்கு?

நான் ஒண்ணும் காட்டிக்கல. தேர்வாயிட்டே, நாளைக்கு மெடிக்கல், அதுவரைக்கும் ரெஸ்ட் எடுன்னு சொல்லி மாடிப்படிக்குக் கீழ இருந்த ஒரு அறைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கதவு சாத்துச்சு. தாழ்ப்பாள் சத்தம் கேட்டுச்சு. ஜன்னலுக்குப் பலகை வச்சு ஆணி அடிச்சிருந்தாங்க. கொஞ்ச நேரத்துல தனபாலும் அந்தம்மாவும் கார்ல ஏறுற சத்தம். தனபால் காவக்காரன்கிட்ட, ராத்திரி வண்டிக்கு டிக்கெட் எடுத்துட்டு வர்றேன், ரெண்டு பேரையும் தயாரா வைக்கணும்னு சொன்னது பலகை இடுக்கு வழியா எனக்குக் கேட்டுச்சு.

கத்துனா யாருக்குக் கேக்கும்? அப்பா சிந்தாதிரிப்பேட்டையில என்னைய நெனச்சு நிம்மதியா இருப்பாரு. அந்த நெனப்புலதான் நான் ஒடஞ்சு போனேன். தரையில முட்டி போட்டு உக்காந்தேன். மந்திரம், ஸ்லோகம் எதுவும் வாயில வரல. சின்ன வயசுல அம்மாவக் கூப்பிட்ட பாஷையிலதான் வந்துச்சு. "தாயி, கை பிடபேடம்மா"ன்னேன். கைவிட்றாத தாயேன்னு அர்த்தம். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னேன். சத்தமாவே சொன்னேன் போல.

தாழ்ப்பாள் தொறந்துச்சு. சோத்துத் தட்டோட ஒரு அம்மா நின்னாங்க. அம்பது வயசிருக்கும். வலது கையில மணிக்கட்டு வரைக்கும் தீக்காயத் தழும்பு. அந்த வீட்டுச் சமையக்காரம்மா. என்னையவே பாத்தாங்க. அப்புறம் மெதுவா, "நிந்து யாவூரம்மா?"ன்னாங்க. உனக்கு எந்த ஊருன்னு கன்னடத்துல கேட்டாங்க.

அவங்க பேரு கெம்பம்மா, மைசூர் பக்கம். ஆறு வருஷமா அந்த வீட்ல இருக்காங்க. வந்த பொண்ணுங்க யார்கிட்டயும் அவங்க பேசினதில்லையாம். பேசினா என்ன ஆகும்னு அந்தத் தழும்பத் தொட்டுக் காட்டுனாங்க. ஆனா நான் கும்பிட்ட வார்த்தை, செத்துப்போன அவங்க மக சொன்ன வார்த்தை மாதிரி இருந்துச்சுன்னாங்க. "இல்லி இரபேடா"ன்னாங்க. இங்க இருக்காத. கொல்லைப் பக்கம் சுவர் ஒரு எடத்துல இடிஞ்சிருக்கு, ஏறிக் குதிச்சு ஓடிருன்னு வழி சொன்னாங்க.

நான் ராமலட்சுமியப் பத்திக் கேட்டேன். அவங்க மாடியப் பாத்தாங்க. வந்ததுல இருந்து விட்டு விட்டுக் காய்ச்சல், பத்து நாளா எந்திரிக்கவே முடியல, அதனாலதான் இன்னும் அனுப்பலைன்னாங்க. அவளால சுவர் ஏற முடியாது.

இத மறைக்காமச் சொல்றேன். போயிரலாம்னுதான் நெனச்சேன். வெளிய போய்ப் போலீஸக் கூட்டிட்டு வந்துறலாம்னு எனக்கு நானே சமாதானம் சொன்னேன். ஆனா நான் ஓடுனது தெரிஞ்சா, போலீஸ் வர்றதுக்குள்ள அவள எங்க கொண்டு போவாங்களோ. கால் கொப்பளிச்சு வந்த அந்த அம்மா முகம் வந்துச்சு. கோயில்ல நான் மறந்த பேரு அப்பத்தான் என் வாயில வந்துச்சு. "தாயே, ராமலட்சுமிக்கும் சேத்து வழி காட்டு. எனக்குத் தைரியம் குடு"ன்னு கேட்டேன். பெரிய வெளிச்சம் ஒண்ணும் வரல. நடுக்கம் மட்டும் நின்னுச்சு.

கெம்பம்மாகிட்ட, நாங்க வாசல் வழியாவே போறோம்னேன். அவங்க சோத்துத் தட்டக் கீழ வச்சாங்க. அப்புறம் என்னைய மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. ராமலட்சுமி பாயில கெடந்தா. கண்ணு குழிஞ்சு எலும்பும் தோலுமா. என்னையப் பாத்து, "நீயும் வந்துட்டியா. அந்த லெட்டர அவுக சொல்லச் சொல்லத்தான் எழுதுனேன்"னு அழுதா. ஆளுக்கொரு பக்கமாத் தூக்கிட்டு எறங்குனோம்.

கேட்டுல காவக்காரன் மறிச்சான். கெம்பம்மா குரல உயத்தவே இல்ல. "இவ ரத்தமா வாந்தி எடுக்கிறா. உள்ள செத்தா, போலீஸ் முதல்ல கேட்டுல நிக்கிறவனத்தான் பிடிப்பான். ரிக்‌ஷா கூப்பிடு"ன்னாங்க. அவன் என்னையக் காட்டி, இவ எதுக்குப் போறான்னான். வண்டியில அவளை யாரு பிடிச்சுக்கிறது, நீ போறியான்னு கேட்டாங்க. அவன் ராமலட்சுமி மூஞ்சியப் பாத்தான். என்னையப் பாத்தான். எவ்வளவு நேரம் பாத்தான்னு எனக்குத் தெரியாது. உள்ளுக்குள்ள அம்மன் பேர் ஓடிக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் சாவிய எடுத்தான்.

ரிக்‌ஷாவுல ஏறினதும் கெம்பம்மா கையப் பிடிச்சு இழுத்தேன். அவங்க வரல. நானும் வந்தா இவனுக்குப் புரிஞ்சுரும், தெரு முனை தாண்டுறதுக்குள்ள பிடிச்சிருவான்னு கன்னடத்துல சொல்லிட்டு உள்ள போனாங்க. காவக்காரன் கேட்டச் சாத்துனான். அதுதான் நான் அவங்களக் கடைசியாப் பாத்தது.

பெரியாஸ்பத்திரிக்குத்தான் போனோம். டைபாய்டு முத்திப் போச்சு, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா அவ்வளவுதான்னாங்க. அங்க இருந்த நர்சம்மாகிட்ட எல்லாத்தையும் சொன்னேன். அவங்கதான் போலீஸுக்கு ஆள் விட்டு, அப்பாவையும் வரவழைச்சாங்க. போலீஸ் போறதுக்குள்ள வீடு காலி. தனபால் கடைசி வரைக்கும் பிடிபடல. பூட்டி வச்ச என் சர்டிபிகேட்டும் போனது போனதுதான். வாசல்ல செருப்பு ஒண்ணு கூட இல்லையாம். மத்த அஞ்சு பேரு யாரு, எங்க போனாங்க, எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

இருபத்திரெண்டு நாள் கழிச்சு ராமலட்சுமியக் கூட்டிட்டு ஊர் வந்தோம். அவ அம்மா மகளைக் கட்டிப் பிடிக்கல. முதல்ல நெத்தியில கைய வச்சு, சூடு இருக்கான்னு பாத்தாக. அப்புறம்தான் அழுதாக. ராமலட்சுமி ஒரு வருஷம் யாரோடயும் பேசல. இப்ப அவளுக்கு ரெண்டு புள்ளைக. காரியாபட்டியில இருக்கா. எனக்கு ஒரு பள்ளிக்கூடத்துல கிளார்க் வேலை கெடச்சுச்சு. சுத்துப்பட்டியில எந்தப் பொண்ணுக்கு வேலைக் கடிதம் வந்தாலும் எங்கிட்டக் கொண்டு வருவாங்க. விசாரிக்காம யாரையும் நான் பஸ் ஏத்துறதில்ல. அம்மனுக்கு நான் செய்யற பூசையும் அதுதான்.

இதக் கேட்ட என் வீட்டுக்காரரு, "அம்மனே கெம்பம்மா உருவத்துல வந்தா"ன்னாரு. நான் ஒத்துக்கல. அம்மன் என் குரலக் கேட்டா. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல. ஆனா கதவத் தொறந்தது, உடம்பும் பயமும் உள்ள ஒரு பொம்பள. அவங்கள அம்மன்னு சொல்லிட்டா, நம்மளுக்கு வேலை முடிஞ்சு போகும். அவங்களத் தேட வேண்டியதில்ல, அவங்களுக்காகக் கும்பிட வேண்டியதில்ல. மைசூர் பக்கம் மூணு தடவை ஆள் விட்டு விசாரிச்சேன். ஒரு தகவலும் இல்ல.

உங்களுக்கும் கதவு பூட்டுன நாள் வரும். வார்த்தை வரலையேன்னு நிக்காதீங்க. வாயில வந்ததச் சொல்லிக் கூப்பிடுங்க, அவ கேப்பா. எனக்கு நீங்க ஒண்ணு செய்யணும். வர்ற வெள்ளிக்கிழமை வெளக்குப் போடும்போது கெம்பம்மான்னு ஒரு தடவை சொல்லுங்க. உசுரோட இருந்தா அந்த வேண்டுதல் அவங்களுக்குக் காவலா இருக்கட்டும்.