தடசுப் பிடி

ஏற்காட்டை அடுத்த கொட்டச்சேடு கிராமத்தில் கோடாரிக்கும் மண்வெட்டிக்கும் தடசு மரத்தில் பிடி செதுக்கும் ஒருவர் இருக்கிறார். ஒல்லி உடம்புக்குப் பொருந்தாத பெரிய கைகள். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோருக்கும் கைகொடுப்பார்; கொடுத்த கையைச் சட்டென்று விடமாட்டார்.

நான் ஏற்காட்டில் மரப்பட்டறை வைத்திருக்கிறேன். மெஷினில் கடைந்து பாலிஷ் போட்ட என் தேக்குப் பிடிகளை எஸ்டேட் ஆட்கள் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை, அவரிடம்தான் போகிறார்கள். வயிற்றெரிச்சல் தாங்காமல் ஒரு ஞாயிறு, கைகொடுத்தபடியே கேட்டேன்.

"ஏனுங்க, தேக்கை விடத் தடசு என்னங்க ஒசத்தி?"

"தேக்கு அலமாரிக்கு நொம்ப நல்லதுங்க. ஓங்கிப் போட்டா முறிஞ்சிரும். தடசு வளைஞ்சு குடுத்து அடியத் தாங்கிக்குமுங்க. கை அதிராது."

அடுத்த வாரம் என் சுத்தியலுக்கு ஒரு பிடி கொண்டுவந்து கொடுத்தார். அளவே எடுக்கவில்லை, ஆனால் என் உள்ளங்கையில் அப்படியே உட்கார்ந்தது. கைகொடுக்கும்போதே அளந்திருக்கிறார் மனிதர்!

பட்டறைக்கு வருகிறவர்கள் அதைத் தடவிப் பார்த்து, யார் செய்தது என்று கேட்கிறார்கள். நான்தான் என்கிறேன்.

இப்போதெல்லாம் அவரைக் கண்டால் தூரத்திலிருந்தே கும்பிடு போட்டுவிடுகிறேன். கையைக் கொடுத்தால் அதையும் கண்டுபிடித்துவிடுவார்.