இரும்பு வைத்த பூட்ஸில் ஐந்து நாள்

அன்று மாலை, நான் பிழைக்க வந்த வெளிநாட்டில், பத்து பெரண்டாம் என்ற ஊரின் திடலில் இருந்தவர்கள் மூன்றே பேர்: வாசல் காவலாளி பாக்சிக் மான், என்னோடு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் சரோஜா அக்கா, நான். இந்த ஊரில் வேர்க்க விறுவிறுக்க ஓடுகிறவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. எங்கள் துறையூரிலோ, வளர்ந்த ஒரு ஆள் ஓடினால், “யாருக்கு என்னாச்சு?” என்று நாலு பேர் கூடவே ஓடி வருவார்கள்.

நான் ஓடத் தொடங்கியது பயத்தில். கிளினிக்கில் சர்க்கரை ஏறியிருக்கிறது, உடம்பை அசையுங்கள் என்றார்கள். வேலை பெர்மிட் புதுப்பிக்கும் மருத்துவச் சோதனைக்கு மூன்று மாதம்தான் இருந்தது. தேறாவிட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்களோ, மகள் படிப்பு என்னாகுமோ என்று நினைத்து நினைத்தே முதல் நாளே ஆறு சுற்று ஓடினேன். எட்டாவதோடு பள்ளியை விட்டவன் நான், ஓடுவதற்குமா பாடம்? பழனிக்குப் பாதயாத்திரை போன கால்தானே. கம்பெனி கொடுத்த, முனையில் இரும்பு வைத்த சேஃப்டி பூட்ஸைப் போட்டுக்கொண்டேன். அடிபடாமல் காக்கவென்றே செய்தது, ஓடும்போதும் காக்கும் என்று நம்பினேன்.

ஐந்தாம் நாளான அன்று முழங்காலுக்குக் கீழே எலும்பு வலியில் தெறித்தது. நான் நொண்டுவதைப் பார்த்த பாக்சிக் மான், “சாகிட் கா?” என்று அவர் பாஷையில் வலியை விசாரித்தார். கம்பெனியில் சொல்லிவிடுவாரோ என்று பதறி, “தாக், தாக்” என்று மறுத்து, இன்னொரு சுற்றும் ஓடிக் காட்டினேன். பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவரோ தைலப் பாட்டிலோடு ஓடி வந்தார்.

பின்னாலேயே வந்த சரோஜா அக்கா என் காலைப் பார்த்தார். “ஐயோ தம்பி, இத போட்டுக்கிட்டா ஓடுன? ஃபோர்க்லிப்ட் ஏறினாலும் தாங்குற பூட்ஸ்லா இது!”

“கால் போச்சுன்னா பன்னெண்டு மணி நேரம் எப்படிக்கா நிப்பேன்?”

“அதான் சொல்றேன். வலி போறவரைக்கும் சும்மா இரு. அப்புறம் ஓடுற சப்பாத்து வாங்கு. ஒரு நாள் விட்டு ஒரு நாள், கொஞ்சம் நட, கொஞ்சம் ஓடு. ஓடுறப்போ பேச முடியணும். பேச்சு நின்னா வேகம் கூடிப்போச்சுன்னு அர்த்தம்.”

“யாரோடக்கா பேசுறது?”

“பொண்டாட்டி இல்லயா உனக்கு?”

வலி போக மூன்று வாரம் ஆனது. இப்போது, துறையூரில் மகளைக் கூட்டிவர மனைவி பள்ளிக்கு நடக்கும் நேரம் பார்த்து இங்கே ஓடுகிறேன். “என்ன சொல்றீங்கன்னே புரியல” என்று அவள் போனில் சொன்னதும் வேகத்தைக் குறைத்து நடக்கிறேன். சோதனைக்கு இன்னும் ஒரு மாதம், பயம் போகவில்லை. இங்கே இருட்டித் திடல் விளக்குகள் எரியும்போது நான் வாசலில் நின்றுவிடுகிறேன்; ஊரில் அப்போது ஐந்து மணிகூட ஆகியிருக்காது. போனுக்குள் அவள் செருப்புச் சத்தம் மட்டும், துறையூர் வெயிலில், இன்னும் நடந்துகொண்டிருக்கிறது.