‘முதல் தடவையிலேயே பாஸ்’

கார் ஓடப் பழக்குவது என்பது, ஸ்டேரிங் இல்லாத பக்கத்தில் இருந்துகொண்டு நாள் முழுக்க ஜெபம் பண்ணுகிற தொழில். மனைவிக்கோ தங்கைக்கோ ஒருநாளாவது பக்கத்தில் இருந்து கார் பழக்கியவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். இல்லாத பிரேக்கை மிதித்து மிதித்தே முழங்கால் தேய்ந்துபோன கூட்டம் நாங்கள். என் காரில் என் பக்கமும் ஒரு பிரேக் பூட்டியிருக்கிறது. அதனால் பயம் குறைந்தது என்று நினைத்துவிட வேண்டாம்.

நான் கிழக்கிலங்கைக் கடற்கரையில் கல்முனைக்காரி, கிறிஸ்தவள். பதினொரு வருடமாகப் பெண்களுக்கு மட்டும் பழக்குகிறேன். வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் சாய்ந்தமருது, சம்மாந்துறைப் பக்கத்து முஸ்லிம் பெண்கள். டீச்சரும் பொம்பிளைதான் என்பதால் வீட்டில் நம்பி விடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நான் ஆண்டவருக்குச் சொல்லாத நன்றி இல்லை.

ரெட்டைக் காவல்

கார்த் திறப்பைத் திருகுவதற்கு முன் அவர்கள் ‘அல்லாஹ்வின் பெயரால்’ என்று பிஸ்மி சொல்வார்கள். நானும் என் பாட்டில் ஒரு நிமிடம் கண்ணை மூடுவேன். ஆரம்பத்தில் இதை ஒளித்துத்தான் செய்தேன். பழக்குகிறவளே பயப்படுகிறாள் என்று தெரிந்தால் பழக வந்தவள் என்ன நினைப்பாள்? ஆசனத்தைச் சரிசெய்வதுபோல் குனிந்து, குனிந்த வாக்கில் ஜெபித்துவிட்டு நிமிர்வேன்.

ஒருநாள் மருந்துக் கடையில் வேலை செய்கிற பிள்ளையொருத்தி, பிஸ்மி சொல்லிவிட்டுத் திறப்பைப் பிடித்தபடி சும்மா இருந்தாள். நான் நிமிர்ந்து, “ஏன் புள்ள, ஸ்டார்ட் பண்ணல்லையா?” என்றேன். அவள் சிரிக்காமலே சொன்னாள்: “நீங்களும் ஓதி முடிங்க டீச்சர். நான் ஓடுற காருக்கு ஒரு காவல் காணாது.”

வெள்ளிக்கிழமை மட்டும்

இன்னொருத்தி புதிதாகக் கல்யாணம் கட்டியவள். அவள் பழக வந்தால் மாப்பிள்ளையும் மோட்டார் சைக்கிளில் பின்னாலேயே வருவார். நாங்கள் வலப்பக்கம் திரும்பினால் அவர் கையைக் காட்டுவார். நாங்கள் நின்றால் ஹோன் அடிப்பார். கண்ணாடியில் அவர் முகம் தெரிந்த உடனே இவளுக்குக் கிளச் எது பிரேக் எது என்று மறந்துவிடும். அன்பில்தான் வருகிறார். வராதீர்கள் என்று எந்த வாயால் சொல்வது?

வெள்ளிக்கிழமை மத்தியானம் மட்டும் அவள் தேர்போல ஓடினாள். ஜும்ஆத் தொழுகை நேரம் கடைகளெல்லாம் பூட்டி, மெயின் றோட்டே எங்களுக்கென்று விரித்துவிட்டமாதிரிக் கிடக்கும். றோட்டு வெறிச்சென்று இருப்பதால்தான் ஓடுகிறாள் என்று நான் நினைத்தேன். அவளிடமே கேட்டேன். “றோட்டு இல்ல டீச்சர், அவர் தொழப் போனாத்தான் எனக்குக் கியரே விழுது.”

சுவர்

இனி என் புத்தி கெட்ட கதை. எங்கள் பக்கத்தில் ஒரு பெரிய ட்ரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஆறு கார், ஏசி போட்ட வகுப்பறை. எனக்கு ஒரே ஒரு கார். ஒவ்வொரு ஞாயிறும் ஆலயத்தில் முழங்காலில் நின்று, “ஆண்டவரே, என்னையும் பெரிய ஆளாக்கும்” என்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஒரு தடவை கணக்குப் பார்த்தால், கொஞ்சக் காலமாக என்னிடம் பழகிய எல்லோரும் லைசன்ஸுக்கான ஓட்டப் பரீட்சையில், முதல் ட்ரையலிலேயே பாஸாகியிருந்தார்கள். விடுவேனா? வீட்டு வெளிச்சுவரில், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரிகிற அளவில், ‘முதல் தடவையிலேயே பாஸ்’ என்று சிவப்பில் எழுதுவித்தேன்.

எழுதின நாளிலிருந்து நான் அந்தச் சுவருக்கு வேலைக்காரி ஆகிவிட்டேன். யாராவது மெதுவாகப் பழகினால் அவர்களுக்கு ட்ரையல் நாளைத் தள்ளித் தள்ளிப் போட்டேன். இரண்டு பேரைத் தேனாகப் பேசி அந்தப் பெரிய ஸ்கூலுக்கே அனுப்பிவைத்தேன். சுவர் பொய் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். என் கணவர் பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பிக்கிறவர், அதிகம் கதைக்கமாட்டார். இரண்டாவது ஆளை அனுப்பிய அன்று தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டே சொன்னார்: “ஆண்டவரைத் தெரியாதெண்டு சொல்லி மூண்டு தரம் பெயிலான பேதுருவை, நீயெண்டா வேற ஸ்கூலுக்குத்தான் அனுப்பியிருப்பாய்.”

பௌசியா தாத்தா

அப்போதுதான் பௌசியா வந்தார். என்னைவிட மூத்தவர் என்பதால் தாத்தா என்பேன். முஸ்லிம் வீடுகளில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். பிறந்தது சம்மாந்துறை, வாழ்க்கைப்பட்டது சாய்ந்தமருது. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. கிழமைக்கு இரண்டு தடவை அம்பாறைக்குப் போய் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும். வீட்டில் கார் நிற்கிறது, அதை ஓடிய மனிதருக்குத்தான் கை நடுங்குகிறது. திரும்பி வருகையில் முச்சக்கரவண்டியின் குலுக்கத்தில் அவர் வழிநெடுக வாந்தி எடுப்பாராம். “சீட்டுல சாய்ச்சு வச்சுக் கூட்டி வரணும் டீச்சர். அவ்வளவுதான் என்ட ஆச” என்றார் முதல் நாளே.

முன்னுக்கு நன்றாகத்தான் ஓடினார். பின்னுக்கு எடுப்பதுதான் வரவில்லை. கடற்கரை வெறுங்காணியில் நான் நட்டுவைத்த நாலு கம்பில் ஒன்றாவது விழாமல் ஒருநாளும் வீடு போனதில்லை. ஐந்து மாதம். இரண்டு தடவை ட்ரையலைத் தள்ளிப்போட்டேன். கடைசியில் என் பழைய தேன்குரலை எடுத்து, “பெரிய ஸ்கூல்ல வசதி கூட தாத்தா, ஆறு கார் இருக்கு” என்றேன். அவர் விழுந்த கம்பைத் திரும்ப நட்டுக்கொண்டே கேட்டார்: “ஆறு கார் இரிக்கி டீச்சர், கம்ப விழுத்தினாப் பொறகும் ‘இன்னொருக்கா’ எண்டு சொல்ல அங்க ஆள் இரிக்கா?”

நெல்

வெட்கத்தில் அவரை வைத்துக்கொண்டேன். அறுவடைக் காலம் வந்தது. ஒருநாள் சம்மாந்துறையில் அவருடைய தாய்வீட்டுத் தெருப்பக்கம் ஓடிக்கொண்டிருந்தோம். தெருவின் இரண்டு பக்கமும் நெல் காயப் போட்டிருந்தார்கள். நடுவில் ஒரு வாகனம் போக மட்டும் இடம். எதிரே பெட்டி நிறைய மூட்டையுடன் ஒரு டிராக்டர் வந்து நின்றது. அது பின்னுக்குப் போகாது, நாங்கள்தான் போகவேண்டும்.

நான் என் பக்கத்துப் பிரேக்கில் காலை வைத்து, மனதில் நெல்லுக்காரரிடம் மன்னிப்பும் கேட்டாயிற்று. தாத்தா பிஸ்மி சொல்லிக் கழுத்தைத் திருப்பி, ரிவேஸைப் போட்டார். நான் கண்ணாடியை இறக்கி எட்டிப் பார்த்தபடி வந்தேன். தெருமுனை வரை சக்கரத்துக்கும் நெல்லுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி அப்படியே இருந்தது. ஒரு நெல்மணி நசியவில்லை. கார் நின்றதும், “பிறகேன் தாத்தா என்ட கம்பை மட்டும் விழுத்துறீங்க?” என்று கத்தியே விட்டேன். அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: “கம்புல முட்டினாக் கம்புதானே விழும். இது சோறு டீச்சர்.”

ட்ரையல்

அடுத்த வகுப்புக்கு ஒரு பையில் நெல் கொண்டுவந்து, ஒவ்வொரு கம்பின் அடியிலும் ஒரு பிடி வைத்தார். அதற்குப் பிறகு கம்பு விழவேயில்லை. ஐந்து மாதம் நான் என் முறையிலேயே பழக்கிக்கொண்டிருந்தேன், அவருடைய கெட்டித்தனம் அவருடைய நெல்லில் இருந்திருக்கிறது.

அந்த ஞாயிறு போதகர், எசமான் வேலைக்காரருக்குப் பணம் பிரித்துக் கொடுத்துப் பிறகு கணக்குக் கேட்ட தாலந்து உவமையை எடுத்தார். ஐந்து தாலந்துக்காரனுக்கும் இரண்டு தாலந்துக்காரனுக்கும் எசமான் சொன்னது ஒரே பாராட்டு, ஒரு சொல் கூடவுமில்லை குறையவுமில்லை. சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. இரண்டு பெற்றவனிடம் அவர் ஐந்து கேட்கவேயில்லை என்பது அன்றுதான் என் மண்டையில் ஏறியது. என்னிடமும் ஆண்டவர் ஆறு கார் கேட்கவில்லை. எனக்குத் தந்த இந்த ஒரு காரையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு, ஆளைத் தெரிந்தெடுத்துப் பழக்கச் சொல்லவுமில்லை. திங்கட்கிழமையே தாத்தாவின் ட்ரையலுக்கு நாள் எடுத்தேன்.

கம்புக்குள் அழகாகப் பின்னுக்கு எடுத்தார். பிறகு பாலத்து ஏற்றத்தில் பதற்றப்பட்டு என்ஜினை மூன்று தடவை நிற்பாட்டினார். பெயில். ஆஸ்பத்திரிப் பயணம் இன்னும் எத்தனை நாளைக்குக் குலுங்கப்போகிறதோ என்று எனக்கு அழுகை வந்தது. அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: “உங்கட செவரப் பொய்யாக்கிட்டன், மாப்பு செய்ங்க டீச்சர்.”

அம்பாறை றோட்டு

வீட்டுக்கு வந்ததும் சுவருக்கு நானே வெள்ளை அடித்தேன். சிவப்பு மறைய மூன்று பூச்சு எடுத்தது. முன்பு அனுப்பிவிட்ட இரண்டு பேருக்கும் போன் எடுத்து மன்னிப்புக் கேட்டேன். ஒருத்தி ஏற்கனவே லைசன்ஸ் எடுத்துவிட்டாள். மற்றவள் திரும்பி வந்தாள். பௌசியா தாத்தா அடுத்த ட்ரையலில் பாஸ்.

ஒரு மாதம் கழித்து, அந்தத் திரும்பி வந்தவளோடு அம்பாறை றோட்டில் ஊர்ந்துகொண்டிருந்தேன். பின்னால் ஒரு கார், ஹோன் அடிக்காமல், நாங்கள் ஒதுங்கும்வரை பொறுமையாக வந்தது. கடந்து போகும்போது பார்த்தால் தாத்தா. இந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை, கண் றோட்டில். பக்கத்தில் சாய்த்துவிட்ட ஆசனத்தில் அவருடைய மனிதர். எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. மறுநாள் வட்டிலப்பம் செய்து கொண்டுவந்த தாத்தாவிடம், பயணம் கணவருக்கு எப்படி இருந்தது என்று விசாரித்தேன். “வாந்தியும் இல்ல, ஒண்டும் இல்ல. அம்பாறையில கண்ண மூடின மனிசன், வீட்டு வாசல்லதான் டீச்சர் முழிச்சார்.”

இன்றைக்கும் எனக்கு ஒரு கார்தான், சுவரும் வெள்ளைதான், ஆனால் ‘இன்னொருக்கா’ என்று சொல்வதில் இந்தக் கரையில் என்னை மிஞ்ச ஆளில்லை என்று அடிக்கடி தோன்றுகிறது, அதையும் சுவரில் எழுதிவிடாமல் ஆண்டவர்தான் என் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும்.